வளராத குட்டிகள்

ரூபாதி பன்றியை நூலால் அளப்பவள். தூக்கிப் பார்த்து எடை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தூரத்தில் நின்று கண்ணாலேயே மதிப்புப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்தின் மேலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. தறியில் மிஞ்சிய மஞ்சள் நூலை எடுத்து, முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி, முனை வந்து சேரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவாள். அடுத்த சந்தை நாளில் மறுபடி சுற்றினால் முடிச்சைத் தாண்டி ஒரு விரற்கடையாவது நூல் வேண்டியிருக்க வேண்டும். வேண்டியிருக்காவிட்டால் தீனியில் கோளாறு, இல்லையென்றால் வயிற்றில் புழு. இருபத்தைந்து வருஷத்தில் அவள் அளவு தப்பியதில்லை.

அந்த வருஷம் மாசியில் போட்ட முடிச்சு பங்குனி முடிந்தும் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று குட்டிகளுக்கு மூன்று நூல். மூன்றிலும் அதே கதை. நூல்தான் நீண்டுவிட்டதோ என்னவோ என்றான் புருஷன் தனிராம். அவன் கூரைப்புல் அறுக்கிறவன், நூலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? புது நூல் எடுத்து அளந்தாள். அதுவும் அங்கேயே வந்து நின்றது.

குட்டி வளராவிட்டால் என்ன, இன்னொன்று வாங்கிக்கொள்வது என்று சொல்லலாம். அந்த வருஷம் வாங்கப் பன்றி கிடையாது. முந்தைய ஐப்பசியில் பூட்டான் மலையடி ஊர்களில் பன்றிக் காய்ச்சல் புகுந்து துடைத்துவிட்டுப் போயிருந்தது. ரூபாதியின் பட்டியில் இருந்த ஐந்தும் காது சிவந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் விழுந்தன. அதில் பெரியது மகன் லக்கேயின் கல்யாணத்துக்கென்று காயடித்து விட்டிருந்த ஆண் பன்றி. தை மாதக் கல்யாணம் கார்த்திகைக்குத் தள்ளிப்போனது.

அந்தப் பக்கத்து போடோ ஜனங்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பன்றி கொண்டுபோகாமல் கல்யாணம் இல்லை. ஏதோ ஒரு பன்றியும் போதாது. மூங்கில் கழியில் கட்டி இரண்டு ஆள் தோளில் சுமந்து வர வேண்டும். ஒற்றை ஆள் தூக்கி வந்தால் அந்தப் பெண் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெண்ணின் அப்பன் முன்கூட்டியே வந்து பன்றியைப் பார்த்து அதன் காதில் நூல் கட்டுவான். கட்டிவிட்டால் அது பெண் வீட்டுப் பன்றி, கல்யாணம் உறுதி.

பெண் கல்பானி ஊர் ரதிராமின் மகள் பிஜுலி. ரதிராம் நல்ல மனுஷன்தான், ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதையே சோற்றோடு பிசைந்து சாப்பிடுகிறவன். கல்யாணத்தைத் தள்ளிவைத்த அன்று அவன் இதே முற்றத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனான்.

"காய்ச்சலுக்காக ஒரு தடவை பொறுத்துக்கிட்டேன் சம்பந்தி. வைகாசியில வருவேன். நூல் கட்ட ஒரு காது இருக்கணும். இல்லேன்னா என் பொண்ணு பேர இந்த வீட்டுல யாரும் சொல்லப்படாது."

கல்பானிக்குத் தெற்கே ஒரு வீட்டில் காய்ச்சலுக்குத் தப்பிய இரண்டு பன்றி இருந்தது. கல்யாணமாகாத பையனும் இருந்தான். ரதிராம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

அப்படி வீட்டில் எல்லோரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் மாசித் தீ வந்தது.

கூரைப்புல் அறுப்பு முடிந்ததும் மிச்சக் காட்டுக்குத் தீ வைப்பது வழக்கம். அடித்தாள் எரிந்தால்தான் மழைக்குப் புதுப்புல் நேராக வரும். தனிராம்தான் மேற்கு மூலையில் தீ வைத்தான். புல் காட்டுக்கும் கோலாஜார் தேயிலைத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வடிகால் உண்டு. தீக்குப் பயந்து ஓடி வருவதெல்லாம் அதில்தான் வந்து விழும். ஊர் முழுக்கக் கூடையும் வலையுமாக அங்கே நிற்கும். வழக்கமாக முயல் வரும், காடை வரும், உடும்பு வரும்.

அந்த வருஷம் கரேலென்று குட்டிப் பன்றிகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்றன் வால் பின்னால் ஒன்று. வால் என்று சொல்லும்படி அவற்றுக்கு எதுவும் இல்லை, ஒரு விரல் நுனி அளவுக்கு ஏதோ இருந்தது. ஒன்பது. தனிராமும் லக்கேயும் மற்றவர்களும் விழுந்து புரண்டு ஏழு குட்டிகளைப் பிடித்தார்கள். மீதி இரண்டும் ரூபாதி நின்ற பக்கம் வந்தன. அவள் காலை அகட்டிக்கொண்டு கூடையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றிருந்தாள். கூடை இறங்குவதற்குள் இரண்டும் அவள் காலுக்கு நடுவே புகுந்து, சேற்றில் அவளை உட்காரவைத்துவிட்டு, ஆற்றுப் பக்கம் ஓடிப்போயின.

ஊரே சிரித்தது. பன்றி வளர்ப்பதில் பெரிய ஆள் என்று பேர் வாங்கினவள் சேற்றில் உட்கார்ந்திருந்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? தனிராம் அதைப் பிடித்துக்கொண்டான். சோறு குழைந்தாலும், கோழி முட்டையிடாவிட்டாலும், "கால் நடுவால ரெண்டு பன்னிய விட்டவகிட்ட வேற என்ன எதிர்பார்க்குறது" என்பான்.

ஏழில் நான்கை அன்றைக்கே ஊர் சமைத்துவிட்டது. இரண்டு, வலையில் சிக்கியதிலேயே செத்திருந்தன. மற்ற இரண்டை விட்டுவைக்கப் பொறுமை இல்லை. ஐந்து மாதமாகப் பன்றிக்கறி வாசனையே இல்லாத ஊர் அது. சாம்பல் பூசணி போட்டுக் கொதித்த குழம்பை எல்லோரும் ஜௌ என்கிற சோற்றுக் கள்ளோடு சாப்பிட்டார்கள். கறி வேகவே இல்லை என்று ரூபாதிக்கு ஞாபகம். இரண்டு தடவை விறகு வைத்தாள். குட்டிக்கறி வாயில் கரைய வேண்டும், இது பல்லோடு சண்டை போட்டது. ஒன்றின் பல் தேய்ந்துபோயிருந்ததைக்கூடப் பார்த்தாள். காட்டுப் பிராணி, கிழங்கு தோண்டித் தேய்ந்திருக்கும் என்று எலும்பை நாய்க்குப் போட்டுவிட்டாள். மீதி மூன்றை, ஒரு ஆணும் இரண்டு பெண்ணும், பட்டியில் விட்டாள். கார்த்திகைக்கு ஒன்பது மாதம் இருந்தது. ஒன்பது மாதத்தில் ஒரு காட்டுப் பன்றிக் குட்டியை இரண்டு ஆள் சுமக்கும் பன்றியாக்க அவளால் முடியும். சாமிதான் தீயில் அனுப்பியிருக்கிறது என்று முற்றத்துச் சிஜௌ கள்ளிக்கு விளக்கும் வைத்தாள். அவர்கள் வணங்கும் பாத்தௌ அந்தக் கள்ளியில்தான் இருக்கிறார்.

அதற்குப் பிறகு அவள் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. விடிந்ததும் சேம்பந்தண்டு வெட்டப் போனாள். வாழைத்தண்டை நறுக்கினாள். தவிட்டைக் கள் வடித்த சக்கையோடு பிசைந்து வைத்தாள். மூன்றும் முகர்ந்துவிட்டு ஒதுங்கின. கிழங்கையும் புழுவையும் மட்டும் தேடித் தின்றன. பட்டுப்பூச்சிக் கூட்டிலிருந்து எடுத்த புழுக்களை, வீட்டு ஆட்கள் வறுத்துத் தின்ன வேண்டியதை, அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினாள். அதை மட்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தின்றன. தறியில் பாதி நெய்த தொக்கோனா, கல்யாணத்துக்குப் பிஜுலி உடுத்த வேண்டிய சேலை, பங்குனி முழுக்க அப்படியே கிடந்தது.

பக்கத்து வீட்டுக் காந்தேஸ்வரி வேலி மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்ப்பாள். தனிராமின் சித்தப்பா மகள் அவள். வாயில் வெற்றிலை இருந்தால்தான் பேச்சு வரும் ஜாதி.

"அண்ணி, காட்டுப் பன்னிக் குட்டின்னா முதுகுல கோடு இருக்கும்ல. இதுக்குக் கோட்டைக் காணோமே?"

"தீயில கருகியிருக்கும்."

"மூணுக்குமா? நல்லா பார்த்துப் பார்த்துக் கருகியிருக்கு. மசுரு போகல, கோடு மட்டும் போயிருக்கு."

ரூபாதி தவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காந்தேஸ்வரி கேட்டது அவளுக்கும் தெரியாததல்ல. கோடு மறைகிற வயதில் காட்டுப் பன்றிக் குட்டி அவள் முழங்காலுக்கு வந்திருக்க வேண்டும். இவை கெண்டைக்கால் நடுவில் நின்றுவிட்டன. பெண் குட்டியைப் புரட்டிக் காம்பை எண்ணினாள். மூன்றே ஜோடி. வீட்டுப் பன்றியில் அதற்கு இரட்டிப்பு எண்ணிப் பழகிய கை, நம்பாமல் இன்னொரு தடவை எண்ணியது. குறைப் பிறவி என்று நினைத்துக்கொண்டாள். தீயைப் பார்த்த பயத்தில் வளர்ச்சி நின்றுவிட்டது, பயம் தெளிந்தால் வளரும் என்றும் நினைத்துக்கொண்டாள். தெரிந்த வேலையில் கண் இருட்டுவதுபோல வேறெதிலும் இருட்டாது.

லக்கே வேறு ஒரு பக்கம். தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளுக்குக் கூரை வேயப் போகிறவன் அவன். வேலை முடிந்ததும் சைக்கிளைக் கல்பானி வழியாகச் சுற்றிக்கொண்டு வருவான். வந்ததும் பட்டியை எட்டிப் பார்ப்பான், ஒன்றும் கேட்கமாட்டான். ஒருநாள் மட்டும் சோற்றில் கை வைத்துக்கொண்டே, பிஜுலி கேட்டதாகச் சொன்னான். பன்றி எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று அவள் தன் கையைத் தரையிலிருந்து உயர்த்தி உயர்த்திக் காட்டிக் கேட்டாளாம். நீ எங்கே நிறுத்தச் சொன்னாய் என்று ரூபாதி கேட்டாள். இடுப்பில் என்றான். ரூபாதிக்கு அழுகை வந்துவிட்டது, மிளகாய்க் காந்தல் என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

புத்தாண்டுப் பண்டிகை முடிந்து, மாடுகளைக் குளிப்பாட்டி, சித்திரை மழை இரண்டு அடித்து ஓய்ந்த சமயத்தில் மூன்றும் புதிதாக ஒரு வேலை ஆரம்பித்தன. பட்டி மூலையில் தரையைக் கிண்டிப் பள்ளமாக்கி, தனிராம் போட்டுவைத்திருந்த கூரைப்புல் கட்டை இழுத்து, வாயால் கவ்விக் கவ்விக் கொண்டுபோய் ஒரு கூடு கட்டின. மேலே மூடாக்கு, பக்கத்தில் வாசல். மூன்றும் உள்ளே போய்ப் படுத்தால் வெளியே ஒரு மயிர் தெரியாது.

குட்டி போடப்போகும் பன்றி புல் சேர்க்கும், அது அவளுக்கு அத்துபடி. ஆனால் குட்டி எதற்குக் கூடு கட்டுகிறது? ஆணும் அல்லவா புல் சுமக்கிறது? தனிராம் வந்து பார்த்துவிட்டு, நான் வேய்ந்த கூரையைவிட நன்றாக இருக்கிறதே, இவனையும் லக்கேயோடு தோட்ட வேலைக்கு அனுப்பு என்றான். அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரம் கூரைப்புல் கட்டுகளைப் பார்வையிட வந்த தோட்டத்துக் குமாஸ்தா ஹஸாரிகா பாபு, வெற்றிலை கேட்டு உள்ளே வந்தவர், பட்டியைப் பார்த்தார். குனிந்து கூட்டைப் பார்த்தார். ஆண் குட்டி வாசலுக்கு வந்து அவரைப் பார்த்து ஒரு சீறல் சீறியது. உதட்டோரம் சின்னதாக வெள்ளைக் கொம்புப்பல்.

"இது குட்டியா?"

"குட்டிதான் பாபு. வளருது."

பாபு இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். தோட்டத்துத் துரைக்குப் பிராணிப் பைத்தியம், பங்களாவில் ஒரு நீர்நாய் கட்டிலில் படுக்கிறது, கல்கத்தாவிலிருந்து அவர் திரும்பியதும் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கட்டிலில் நீர்நாயை விடுகிற ஆளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ரூபாதி அதை மறந்தாள். அவளுக்கு வைகாசி வந்துகொண்டிருந்தது.

ரதிராம் வருவதாகச் சொல்லியனுப்பிய அன்று விடிகாலையில் தீனி வைக்கப் போனவள் கூட்டுக்குள் வேறு ஒரு சத்தம் கேட்டாள். இருபத்தைந்து வருஷம் கேட்ட சத்தம் அது. மெதுவாக மூடாக்குப் புல்லை விலக்கினாள். பெண் குட்டிகளில் ஒன்று ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தது. அதன் மூன்று ஜோடிக் காம்பில் மூன்று உயிர் தொங்கியது. ஒவ்வொன்றும் அவள் உள்ளங்கைக்குள் அடங்கும். வெளுத்த உடம்பு, மூடின மாதிரி கண்.

ரூபாதி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமாகத் தெரியாதது ஒரு மூச்சில் தெரிந்தது. கோடு இல்லாதது, வேகாத கறி, தேய்ந்த பல், நகராத முடிச்சு எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. இவை குட்டிகளே இல்லை. வளர்ந்து முடித்த பன்றிகள். இவ்வளவுதான் இவை. வளர வேண்டியதை எல்லாம் தீக்கு முன்னாடியே வளர்ந்துவிட்டிருந்தன, அவள்தான் பட்டுப்புழு கொட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் லக்கேயின் முகம் ஞாபகம் வந்தது, எழுந்தாள்.

தனிராமிடம் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு யோசனை சொன்னான்.

"கூட்டை மூடிவை. குட்டிங்கன்னே சொல்லு. கார்த்திகைக்கு இன்னும் காலம் கெடக்கு. அதுக்குள்ள எங்கயாவது ஒரு பன்னி அகப்படாதா?"

"நூல் கட்டினப்புறம் பன்னிய மாத்துவியா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பன்னி விஷயத்துல நான் யார்கிட்டயும் பொய் சொன்னதில்ல. இன்னைக்கு ஆரம்பிக்கமாட்டேன்."

ரதிராம் இரண்டு உறவுக்காரர்களோடு வெயில் ஏறும்போது வந்தான். கள் ஊற்றினார்கள். இடித்த கருவாடும், வாழைச்சாம்பலைக் கரைத்து வடித்த நீர் விட்ட சேம்பும் வைத்தார்கள். ரதிராம் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு மடியிலிருந்து சிவப்பு நூலை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டான். லக்கே வேலைக்குப் போகாமல் தறிக்குப் பின்னால் நின்றான். ரூபாதி அவர்களைப் பட்டிக்குக் கூட்டிப்போய்ப் புல்லை விலக்கினாள்.

"இதுதான் சம்பந்தி. குட்டின்னு நெனச்சுத்தான் வளர்த்தேன். இன்னைக்குக் காலையில இதுவே குட்டி போட்டிருக்கு. இதுக்கு மேல வளராது. தப்பு என்னோடது."

ரதிராம் குனிந்து பார்த்தான். பின்னால் நின்ற உறவுக்காரன் ஒருவன், இதைக் கழியில் கட்டினால் கழிதான் பெரிதாகத் தெரியும் என்றான். இன்னொருவன் சிரித்தான். ரதிராம் சிரிக்கவில்லை. அதுதான் ரூபாதிக்கு ஆகவில்லை.

"பொய் சொல்லாம காட்டினீங்க, அது வரைக்கும் மரியாதை. ஆனா நான் கல்பானிக்குப் போயி என்னத்தச் சொல்றது? சட்டைப் பையில போட்டு எடுத்துட்டு வருவாங்கன்னு சொல்லவா?"

அவன் நூலை மடியில் சுருட்டி வைத்தான். லக்கே தறிக்குப் பின்னாலிருந்து நகர்ந்து வாசலைப் பார்த்து நடந்தான். ரூபாதி அவன் கையைப் பிடிக்கப் போன நேரத்தில்தான் தோட்டத்து ஜீப் சேற்றில் உறுமிக்கொண்டு வந்து வேலியோரம் நின்றது. ஹஸாரிகா பாபு முன்னால் இறங்கினார், பின்னால் துரை.

துரை ஆறடிக்கு மேல். செம்பட்டை மீசை, அரைக்கால் சட்டை. யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் பட்டிக்குப் போனார், சேற்றில் மண்டியிட்டார், பிறகு நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துக் கூட்டு வாசலில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. ரதிராமும் கிளம்பாமல் நின்று வேடிக்கை பார்த்தான். வெள்ளைக்காரன் ஒருவன் பன்றிச் சேற்றில் படுத்துக் கிடப்பதைப் பார்க்காமல் யார் போவார்கள்?

எழுந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. பாபுவிடம் ஏதோ மூச்சுவிடாமல் சொன்னார். பாபு இவர்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த ஜாதிப் பன்னி உலகத்துலயே இல்லாமப் போச்சுன்னு முடிவு கட்டிட்டாங்களாம். செத்துப்போச்சுன்னு புத்தகத்துல எல்லாம் எழுதிட்டாங்களாம்."

"செத்துப்போனதுதான் தெனம் என் பட்டுப்புழுவத் தின்னுச்சா?" என்றாள் ரூபாதி.

துரை அவற்றைக் கேட்டார். பங்களாவில் நல்ல பட்டி கட்டி, புல் போட்டு, பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என்ன விலை வேண்டுமானாலும் சொல்லச் சொன்னார். தனிராம் வாயைத் திறந்தான். ரூபாதி அவனை முழங்கையால் இடித்துவிட்டு ரதிராமைப் பார்த்தாள்.

"விலை வேணாம். ஒரு பன்னி வேணும். ரெண்டு ஆளு கழியில சுமக்கணும், அவ்வளவு பெருசு."

காய்ச்சல் அடித்த வருஷத்தில் பன்றிக்கு எங்கே போவது என்று பாபு இழுத்தார். துரை கேட்டுக்கொண்டு, எட்டு நாள் கொடுங்கள் என்றார். பெரிய ஆற்றுக்குத் தெற்கே காய்ச்சல் போகவில்லை, அங்கே அவருக்கு ஆள் இருக்கிறது. ரதிராம் மடியைத் தடவினான். எட்டு நாள்தானே, இத்தனை நாள் பொறுத்தாயிற்று என்று பொதுவாக ஆகாயத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி உட்கார்ந்து மூன்றாவது கிண்ணம் கேட்டான்.

அள்ளிப்போகும்போது ரூபாதிதான் கூட நின்றாள். கூட்டைக் கலைக்கக் கூடாது, அடியோடு முறத்தில் ஏற்றி அப்படியே வைக்க வேண்டும், தாய் இரண்டு நாள் தின்னாது, பயப்படக் கூடாது, தவிடு வைத்துப் பிரயோஜனம் இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல, துரை சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். எல்லாம் ஏற்றியானதும் அவர் ஒன்று கேட்டார். பாபு சொன்னார்.

"அன்னைக்குத் தீயில மொத்தம் எத்தனை வந்துச்சுன்னு கேக்குறார்."

தனிராம் அவளைப் பார்த்தான். தீ வைத்தவன் அவன். காடு சர்க்கார் காடு. துரையின் சிவந்த கண் அவள் மேல் இருந்தது. உலகத்திலேயே இல்லாத பிராணியில் நான்கைப் பூசணி போட்டுத் தின்றோம் என்று அந்தக் கண்ணைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"மூணுதான்" என்றாள்.

பாபு சொன்னதைக் கேட்டதும் துரையின் முகம் விழுந்துவிட்டது. ஜீப்பில் ஏறிய பிறகு பாபு குனிந்து சொன்னார்.

"கூட்டமா வந்திருந்தா காட்டுல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்னு நம்பலாமாம். மூணுதான்னா, இதுவே கடைசி மூணா இருக்கும்னு சொல்றார். பாவம்."

ஜீப் போய்விட்டது. ரூபாதி திரும்பினாள். எதிரே முற்றத்தில் சிஜௌ கள்ளி நின்றது. காலையில்தான் பன்றி விஷயத்தில் பொய் சொன்னதில்லை என்று அதன் முன்னால் நின்று பேசியிருந்தாள்.

எட்டாம் நாள் தோட்டத்து லாரியில் பன்றி வந்தது. வெள்ளைப் பன்றி. இரண்டு ஆள் போதாது, இறக்க நாலு பேர் பிடித்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் துரையின் சொந்தக்காரன் வந்திருக்கிறான் என்று கத்தின. ரதிராம் வந்தான், சுற்றி வந்தான், தட்டிப் பார்த்தான், சிவப்பு நூலை அதன் பெரிய காதில் கட்டினான். லக்கே அன்றைக்குச் சைக்கிளைக் கழுவினான். காந்தேஸ்வரி வேலியில் தாடையை வைத்துக்கொண்டு, அண்ணி, இதை உன் கால் நடுவே விட்டுப் பார் என்றாள். தனிராம் விழுந்து விழுந்து சிரித்தான்.

ரூபாதி அளந்தாள். நூல் போதவில்லை, இரண்டு நூலை முடிந்து சுற்ற வேண்டியிருந்தது. அடுத்த சந்தைக்கு இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. தொக்கோனாவும் தறியில் நகர்ந்தது. எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அவள் கால் மட்டும் நிற்கவில்லை. தறியில் உட்கார்ந்தால் எழுந்தாள், அடுப்பில் உலையை வைத்துவிட்டு வடிகால் வரை போய் வந்தாள். வடிகாலுக்கு அப்பால் புதுப்புல் முழங்கால் உயரம் வந்திருந்தது. ஆற்றுப் பக்கம், தீ போகாத ஈரத்தில், பழைய புல் ஆள் உயரத்துக்கு நின்றது. கடைசி மூன்று, கடைசி மூன்று என்று பாபுவின் குரல் கூடவே வந்தது. துரை அந்த முகத்தோடுதான் தினமும் அந்தப் பட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணக் கவலையில் தவித்தபோது அவளுக்கு ராத்திரியில் சோறாவது இறங்கியது. இப்போது அதுவும் இல்லை.

ஆனியில் ஒரு மத்தியானம், யாரிடமும் சொல்லாமல், தோட்டத்துக்கு நடந்தாள். கொழுந்து நிறுக்கிற நேரம். தராசுக் கொட்டகையில் கூடைக்காரப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஹஸாரிகா பாபு மேஜையில் இருந்தார். துரை தூணில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். ரூபாதி வரிசையைத் தாண்டிப் போய் நின்றாள்.

"பாபு, அன்னைக்கு நான் சொன்னது பொய். மூணு இல்ல. ஏழு பிடிச்சோம்."

பாபு பேனாவை வைத்தார்.

"மிச்சம் நாலு எங்க?"

"தின்னுட்டோம். குட்டின்னு நெனச்சு." அவள் தரையைப் பார்த்தாள். "ஒண்ணு நல்ல கெழடு. பல்லு தேஞ்சிருந்துச்சு. நானே பார்த்தேன். பார்த்தும் தின்னேன்."

பாபுவுக்கு இதை எப்படித் துரையிடம் சொல்வதென்று தெரியவில்லை. துரை என்ன என்று கேட்டார். பாபு சொன்னார். சுருட்டு துரையின் கையிலேயே அணைந்துகொண்டிருந்தது. அவர் கோபப்படுவார் என்று ரூபாதி எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் மெதுவாக ஏழு விரலைத் தூக்கிக் காட்டினார். ஏழா என்று கேட்கிறார். அவள் தலையை ஆட்டினாள். பிறகு இல்லை என்று ஆட்டினாள்.

"ஏழு பிடிச்சது. வந்தது ஒம்பது. ரெண்டு தப்பிச்சிருச்சு துரை."

பாபு அதைச் சொல்லி முடிப்பதற்குள் துரை தூணை விட்டு வந்துவிட்டார். எப்படித் தப்பின, எந்தப் பக்கம் போயின என்று அவர் கேட்டது பாபு சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. ரூபாதி முந்தானையை இடுப்பில் செருகினாள். கொட்டகை நடுவில் இரண்டு காலையும் அகட்டி வைத்தாள். யாருடைய காலிக் கூடையையோ எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினாள். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"இப்பிடித்தான் நின்னேன். இந்தா, இந்தக் காலுக்கும் இந்தக் காலுக்கும் நடுவால போச்சு. ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. ஆத்துப் பக்கம். அங்க தீ போகல."

துரை குனிந்து அவள் கால்களுக்கு நடுவே தெரிந்த வெறும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்து முடிக்கும் வரை அவள் அசையாமல் அப்படியே நின்றாள்.